புளி போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்

குத்தகை நெல்லில் சட்டப்படி உள்ள பங்கை என் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்து மிராசுதாருக்கு எங்கள் மேல் ஆத்திரம். அந்தக் கோடையில் வாய்க்கால் தூர் வாரும்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு பழைய வெள்ளி ரூபாய் கிடைத்தது. கறுத்துப்போய் இருந்தது.

விளக்குத் தேய்ப்பதுபோல் நான் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் பளபளத்தது. மறுபக்கம் திருப்புவதற்குள் மிராசுதார் போலீஸ் ஏட்டையாவோடு வந்து நின்றார். சேதி எப்படிப் போனதோ தெரியவில்லை.

"எங்க பூஜைப் பெட்டிக் காசுங்க இது. இவ புருஷன்தான் திருடியிருக்கான். பாருங்க, எப்படி மின்னுது!"

என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனால் குத்தகை நிலமும் போய்விடும். "வாய்க்கால்ல கெடச்சதுங்க" என்றேன்.

ஏட்டையா காசைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பெட்டிக் காசைத் தேய்ப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை தவறாம, விபூதி போட்டு."

"அப்ப இந்தப் பக்கம் எழுத்து இடுக்கெல்லாம் ஏன் இவ்வளவு கறுப்பு? தேய்ச்ச பக்கம் பாருங்க, மயிரிழையா புதுக் கீறல். புளி ஈரம்கூட இன்னும் காயலை. வாராவாரம் தேய்க்கிற உங்க காசு இப்படியா இருக்கும்?"

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏட்டையா சொன்னபடி காசைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டோம்.

இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் மறுபக்கத்தையும் தேய்த்திருப்பேன். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சியான அந்தக் கறுப்பும் போயிருக்கும். மண்ணிலிருந்து எது வந்தாலும் இப்போது நான் தண்ணீர்கூடப் படவிடுவதில்லை.

- ஒரு வாசகி, பூதலூர் பக்கம்