மூடிய அறையில் அண்ணன் செய்த துரை நாற்காலிகள்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. எனக்கு அதிகம் எழுத வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். யானைகள் ராகியை அழித்துவிட்டுப் போன வருடம் ஓசூருக்கு மர வேலைக்கு வந்தார். பிறகு என்னையும் கூட்டிவந்து, சோறு போட்டு ஆளாக்கினார்.

வெள்ளைக்காரர் காலத்துச் சாமான்களை ஒரு சாண் அளவில் அப்படியே செய்வது அவர் தொழில். கால் நீட்ட நீளக் கை வைத்த சாய்வு நாற்காலி, கொசுவலைக்கு நாலு கம்பம் நட்ட கட்டில். பழைய பங்களாக்களை இடிக்கும்போது கிடைக்கும் ஈட்டி மரத்தில்தான் செய்வார். அண்ணி பிரம்பு பின்னுவார். பெங்களூர்க் கடைக்குப் போகும்.

"உங்கண்ணனுக்கு என்னவிட அந்தக் கட்டிலு மேலதான் ஆச" என்பார் அண்ணி.

"அதுல நீ படுத்தா கம்பம் ஒடிஞ்சிடும்" என்பார் அண்ணன்.

வீட்டு முன்னால் கம்பெனி லாரிகள் போகும் சாலை. ஈர பாலிஷில் ஒரு தூசு விழுந்தாலும் சின்னச் சாமானில் பெரிதாகத் தெரியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, சந்தில் துணி அடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலை. மரத்தைத் தேய்த்ததும் தரையை நனைத்துத் தூளை அடக்குவார். அடங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் தும்மல். பிறகு இருமல். அப்புறம் சளியில் ஈட்டித் தூளின் ஊதா நிறம். டாக்டர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். அந்த முறை அனுப்பிய சாமான் முழுக்க, மண் ஒட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது.

"சாத்துடா."

"டாக்டரு சொன்னாரேண்ணா."

"டாக்டரா வந்து நாற்காலி வாங்கப் போறாரு?"

அவரே எழுந்து சாத்தினார்.

கடைசியில் படுத்தால் மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டார் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். அதிலேயே போனார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவருக்கும், ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த நண்பர்களுக்கும், ஜவளகிரியிலிருந்து வந்து காரியம் முடியும் வரை கூட இருந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் பாதியில் விட்ட சாமான்களை அண்ணியிடம் யாரும் கேட்காதீர்கள். காரியம் முடிந்த மறுநாளே அவற்றை முடிக்க அண்ணி அந்த அறைக்குள் போய்விட்டார். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். கதவைத் தட்டினால், "இருங்க தம்பி, பாலிஷ் காயட்டும்" என்கிறார். அதைச் சொல்லி முடிக்க இப்போது அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருக்கிறது.