தார்நாகாவில் திரும்பிய கார்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன் நான். பாஷை தெரியாத ஊரில், செகந்திராபாத் பக்கத்து மல்லாபூரில் தகரக் கொட்டகை போட்டேன். இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை ஐந்தாக்கினேன். ஹப்சிகுடாவில் மாடி வீடு கட்டினேன். கைதூக்கிவிட ஒருவனும் வரவில்லை. இப்போது நான் எழுதப்போகிற பயணம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதுவும் நான் செய்ததுதான்.

பிற்பகல் இரண்டே கால். மல்லாபூர். என் ஃபோர்மேன் முருகனின் மனைவி செல்விக்கு எட்டாம் மாதம். பத்து நாள் முன்பு என் வீட்டில்தான் வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போகத் தென்காசியிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். மாலை சென்னை வண்டியில் ஏற்றிவிட, என் காரில் செகந்திராபாத் கிளம்பினோம். முருகன் பெட்டிகளோடு முன்பே ஸ்டேஷன் போய்விட்டான்.

நாச்சாரம் தாண்டும்போது செல்வி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலவலி விடவே மாட்டேங்கு அண்ணாச்சி. கண்ணு முன்னால பூச்சி பறக்குத மாதிரி இருக்கு."

"நேத்து பூரா மூட்டை கட்டுனா வலிக்கத்தான் செய்யும். ரயில்ல படுத்தா சரியாயிரும்" என்றார் அம்மா.

அப்போதுதான் செல்வியின் மணிக்கட்டைக் கவனித்தேன். வளைகாப்பன்று முழங்கைவரை ஓடி விளையாடிய கண்ணாடி வளையல்கள், சதையில் பதிந்து அசையாமல் நின்றன. தண்டுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியை நாற்பது வருடமாகக் கண்ணாலேயே அளப்பவன் நான். வளையல் சுருங்காது.

"தங்கச்சி, இவ கையப் பாத்தியா?" என்றேன் அவள் அம்மாவிடம்.

"மாசமானா வீங்கத்தான் செய்யும். இவ வயித்துல இருக்கையில எனக்கு யானைக்கால் மாதிரி இருந்துச்சு."

"பத்து நாள்லயா? செல்வி, கடைசியா பிரஷர் எப்பம்மா பாத்த?"

"வளைகாப்பு வேலையில இந்தத் தடவை போகல அண்ணாச்சி. நர்ஸம்மா ரெண்டு தடவை போன் பண்ணாங்க."

மூன்று மணிக்குத் தார்நாகா சந்திப்பு. நேரே போனால் ஸ்டேஷன். டிரைவர் யாதகிரியிடம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னேன்.

"டிரெயின் நக்கோ க்யா, சாப்?" ரயில் வேண்டாமா என்று கேட்டான்.

"நக்கோ" என்றேன். முருகனையும் போன் செய்து அங்கே வரச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பிரஷரை இரண்டு தடவை பார்த்தார்கள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. டாக்டரம்மா தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: ரயிலில் வலிப்பு வந்திருந்தால் தாயும் பிள்ளையும் தப்புவது கஷ்டம்.

ஊசி போட வேண்டும், வளையலைக் கழற்றுங்கள் என்றார் நர்ஸ்.

"பிள்ளை பெறுத வரைக்கும் கழத்தக் கூடாதே" என்று செல்வியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வளையல் போட மக வேணும்லா, தங்கச்சி?"

அவர் பிடியை விட்டார். சோப்பைக் குழைத்து, ஒவ்வொன்றாகத் தானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஒன்றுகூட உடையவில்லை.

மூன்றாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம். சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, தாயோடு வீடு வந்துவிட்டது.

நேற்று முருகன் பெயர் சூட்டும் விழாவின் அழைப்பிதழ் கொண்டுவந்தான். குலதெய்வத்துக்கு நன்றி, டாக்டரம்மாவுக்கு நன்றி. நான் 'மற்றும் நண்பர்கள்' என்ற வரியில் இருக்கிறேன். காப்பாற்றியது டாக்டரம்மாதான்; மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அட்டையைத் திரும்ப அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவுக்கு அடுத்த வரி போதும்: 'தார்நாகாவில் காரைத் திருப்பச் சொன்னவர்' என்று போட்டு, அதன்கீழ் என் பெயர் முழுதாக வர வேண்டும்.