வாத்தியார் வீட்டில் இல்லை

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக் கண்ணாயி எதையும் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. எருமை வாங்கப் போனால், அது உதைக்குமா என்று விற்கிறவரிடம் கேட்பாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பாள், கடைசியில் எருமையின் முகத்தைப் பிடித்துத் திருப்பி அதனிடமும் கேட்பாள். மாதனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பும் இதே மாதிரிதான். அவன் குறட்டை விடுவானா என்று அவனுடைய தம்பிகளை வரிசையாக நிறுத்திக் கேட்டாள்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் குப்புசாமி என்பவர் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கலாம். ஒரு நாள் அவரே மலையேறி வந்து, சந்தையில் நின்று சொன்னார்.

"பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. சோதிச்சுப் பாத்துச் சேத்துக்குவோம். ஆனா அதுக்கு முன்னாடி யாரும் வாத்தியாருங்களப் போய்ப் பாக்கக் கூடாது. பாத்தா இடமில்லை."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஒரு வாத்தியார், சேர்க்கைக்கு முன்பாக யாரிடமோ சேவல் ஒன்றை வாங்கி மேசைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். குப்புசாமி வந்து நின்ற நேரம் பார்த்து அது கூவிவிட்டது. வாத்தியாருக்கு வேலை போயிற்று.

கண்ணாயி மகள் முனியாயியைச் சேர்த்துவிட முடிவு செய்திருந்தாள். ஆனால் இந்தக் கட்டளை அவளுக்குச் செரிக்கவில்லை.

"புள்ளைய ஒரு ஆளுகிட்ட ஒப்படைக்கறேன். அந்த ஆளு மூஞ்சியப் பாக்கக் கூடாதாமா?"

"பாத்தா எடமில்லைன்னாரே புள்ள" என்றான் மாதன்.

"நான் ஒண்ணும் குடுக்கப் போகலீங்க. கேக்கத்தான் போறேன்."

மறுநாள் விடிந்ததும் ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினாள்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அர்த்தனாரி வாத்தியார் அப்போது வாசலில் நின்று சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு பெண், அவள் தலையில் ஒரு பலாப்பழம். பார்த்த மாத்திரத்தில் அவர் காதில் சேவல் கூவியது. ஈரச் சட்டையைப் போட்டது போட்டபடி உள்ளே பாய்ந்து கதவைத் தாழிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஊட்ல இருக்கறீங்களா?"

"இல்லீங்க!"

"அப்ப பேசறது யாருங்க?"

உள்ளே தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருமில்லீங்க" என்றது உள்ளே இருந்த குரல்.

கண்ணாயி பழத்தை இறக்கிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். "சரி, அவரு வரட்டும். அவரு புள்ளைங்கள அடிப்பாருங்களா?"

"அவரு இருந்தாருன்னா அடிக்க மாட்டேன்னுதான் சொல்லுவாருங்க."

"ராவுல புள்ள அழுதா?"

"அவருக்கும் அழுகை வந்துருமுங்க. எளகின மனசு."

இந்தப் பதில் கண்ணாயிக்குப் பிடித்திருந்தது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். குப்புசாமி.

"பழத்தோட வந்திருக்கீங்களா? நான் சந்தையில சொன்னது காதுல விழலையா?"

"பழம் எனக்குங்க. பசிச்சாத் திங்கறதுக்கு."

"முழுப் பலாப்பழமா?"

"தூரமுங்களே."

"வாத்தியாரைப் பாத்தாச்சில்ல? உங்க புள்ளைக்கு இடமில்லை."

"எங்கங்க பாத்தேன்? அவரு ஊட்ல இல்லீங்களாம். அவரே சொன்னாரு."

குப்புசாமி கதவைத் தட்டினார். "அர்த்தனாரி!"

"இல்லீங்க ஐயா!"

குப்புசாமிக்குச் சிரிப்பு முட்டியது. மீசையைத் தடவி அதை அடக்கிக்கொண்டார். "சரிம்மா, அவரில்லை, நானிருக்கேன். என்கிட்டக் கேளுங்க."

"நீங்க அடிப்பீங்களா?"

"தேவைப்பட்டா."

"யாருக்குத் தேவைப்பட்டா?"

இருபது வருடமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிற மனிதர் தெருவில் வேறு யாராவது இதைக் கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். கண்ணாயி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பழத்தைப் பிளந்து, அங்கேயே தின்ன ஆரம்பித்தாள். வாசனை தெருவையே தூக்கிற்று. கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு பேர் எச்சில் விழுங்கினார்கள்.

"உங்களுக்குக் குடுக்கலாம். ஆனா நீங்களே கூடாதுன்னுட்டீங்க" என்று வருத்தத்தோடு சொல்லி, அவள் இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

சேர்க்கை நாளன்று குப்புசாமி ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். வாத்தியார்களை மரத்தடியில் வரிசையாக உட்கார வைத்து, யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ எல்லார் முன்னிலையிலும் கேட்கலாம் என்றுவிட்டார். பிள்ளைகளைவிட வாத்தியார்களுக்குத்தான் அதிகமாக வேர்த்தது. ஒருவரிடம் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

பிறகு பிள்ளைகளின் முறை. முனியாயியை எண்ணச் சொன்னார்கள். அவள் எண்ணினாள். நூறு தாண்டியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. முந்நூறு தாண்டியதும் குப்புசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் கண்ணு. சேந்துட்டே."

மகளை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மலையேறினார்கள். வாத்தியாரைப் போய்ப் பார்த்ததால்தான் இடம் கிடைத்தது என்றாள் கண்ணாயி. பார்த்தும் கிடைத்தது என்றான் மாதன். பாதி மலையில், ஊற்றருகே தண்ணீர் குடிக்க நின்றபோது அவள் முகம் திடீரென்று மாறியது.

"ஏனுங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல என்னங்க சொல்லிக் குடுப்பாங்க?"

மாதன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. அவன் நிமிர்வதற்குள் கண்ணாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியிருந்தாள்.