நண்டோடு பேசிய குஞ்சித்தம்பி

குஞ்சித்தம்பிக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைத்ததே ஒரு நண்டால்தான். மட்டக்களப்பில் பிறந்து, ரொறன்ரோவில் ஓர் உணவகச் சமையலறையில் பதினாறு வருடம் உழைத்தவர் அவர். தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று ஒருநாள் குழம்பு வைத்துக் காட்டக் கூப்பிட்டது. உயிர் நண்டு ஒன்று மேசையை விட்டு இறங்கி ஓடியது. கமெராக்காரர் பதறிப்போனார்.

"விடுங்கோ தம்பி, அவர் அகதிக் கோரிக்கை குடுக்கப் போறார்" என்றார் குஞ்சித்தம்பி.

அன்றிலிருந்து நாலு வருடம் சனிக்கிழமைக் காலைகள் அவருடையவை. ரொறன்ரோவைச் சுற்றித் தமிழர் வாழும் ரூஜிலும் பிறம்ரனிலும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய பகிடிகளில் அதிகம் அடிபட்டவள் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்ட தங்கை யோகமலர். "என்ர தங்கச்சி வைச்ச குழம்பைக் கண்டா மீன் எழும்பித் திரும்ப வாவிக்குள்ள பாயும்" என்பார். கமெராவுக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கும் மனைவி புஸ்பராணிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அத்தனை கறியும் மலருடைய கைப்பக்குவம். ஒவ்வொன்றையும் அவளிடம் போனில் கேட்டு எழுதி வைத்திருந்தார்.

முல்லைத்தீவைப் போர் சூழ்ந்த 2009 தை மாதத்தோடு போனில் மலரின் குரல் நின்றுபோனது. அதன் பிறகு இரண்டு சனிக்கிழமை எப்படியோ சமாளித்தார். மூன்றாவது சனிக்கிழமை கத்தியும் கையுமாகப் பேசாமல் நின்றார். நிகழ்ச்சி நின்றது. வைகாசியில் போர் முடிந்ததாகச் செய்தி வந்தபோதும் மலரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்தச் சாப்பாட்டிலும் குறை பிடிக்கும் மனிதர், வைத்ததை அப்படியே சாப்பிட்டார். அதுதான் புஸ்பராணியைப் பயமுறுத்தியது.

ஆனி மாதம் ஒரு காலை போன் அடித்தது.

"மச்சாள், நான் மலர். முகாமில இருக்கம். அவரும் ரெண்டு பிள்ளையளும் நானும், நாலு பேரும் உயிரோட இருக்கம்."

புஸ்பராணி போட்ட கூச்சலில், பாதி முகம் சவர நுரையோடு ஓடிவந்தார் குஞ்சித்தம்பி. போனைப் பறித்துக் காதில் வைத்தார். எடுத்த எடுப்பில், "சாப்பிட்டியா?" என்றார்.

"சோறும் பருப்பும் தாறாங்க அண்ணன். நீங்க வைக்கிற மாதிரியே இருக்கு. உப்பும் இல்ல, ஒண்டும் இல்ல."

அவர் நிலத்தில் குந்திவிட்டார். சிரித்தார், அழுதார், நுரையெல்லாம் போனில் அப்பியது. ஐந்து மாதமாக நெஞ்சில் ஏறியிருந்த பாறை இறங்கியதுபோல் புஸ்பராணியும் சுவரில் சாய்ந்து அழுதாள்.

தொலைக்காட்சி நிலையத்துப் பொறுப்பாளர் அன்புராசா திரும்பக் கூப்பிட்டபோது அவர் தயங்கினார். "எங்கட வீட்டில சிரிப்பு வந்திட்டுது. மற்ற வீடுகளில?"

ஒருநாள் புஸ்பராணியோடு போன தமிழ்க் கடையில், தம்பியைப் போரில் பறிகொடுத்த ஒரு பெண் அவரை மறித்தாள். "அண்ணை, அம்மா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. உங்கட புரோகிராம் வந்தா ரீவிக்கு முன்னால இருந்து ரெண்டு வாய் வைப்பா. வாங்கோ."

புரட்டாசியில் மறுபடி நிகழ்ச்சிக்குப் போனார். முதல் பத்து நிமிடம் பகிடி ஒன்றும் விடவில்லை. பிறகு கமெராவைப் பார்த்து, "எல்லாம் தங்கச்சியின்ர சமையல். நாலு வருசமா நான் பச்சைக் கள்ளன்" என்றார். நிலையத்துப் போன்கள் ஓயாமல் அடித்தன.

இன்னும் ஏழு வருடம் சமைத்தார். மாரடைப்பில் போனபோது, செத்தவீட்டில் ஆளுக்கொரு பகிடியை நினைவுபடுத்த மண்டபமே சிரித்தது. அந்நேரம் பெட்டியருகில் இருந்த புஸ்பராணி தலை நிமிர்ந்து பார்த்தாள். கடையில் அவரை மறித்த பெண், தன் தாயின் கையைப் பிடித்தபடி முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.