எத்தாளையில் கோப்பி வறுத்த காலை

ஸ்டெல்லா அக்கா மீன் கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். கண்டியிலிருந்து அவளுக்காகக் கொண்டுவந்த பச்சைக் கோப்பிக்கொட்டையில் இரண்டு கைப்பிடியைத் தாச்சியில் போட்டு நான் கிளறுகிறேன். கொட்டைகள் படபடவென்று வெடித்துக் கறுக்கின்றன. கடற்காற்று வாசத்தை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறது. குடிக்கும் முன்பே எனக்குத் தலை கிறுகிறுக்கிறது.

படலையைத் தள்ளிக்கொண்டு மூன்று பெண்கள் மூச்சிரைக்க வருகிறார்கள். இருவர் தலையில் பிளாஸ்டிக் கதிரைகள்.

"தங்கச்சி, அண்ணன் எப்ப மோசம் போனாரு?"

நான் விழிக்கிறேன். இந்தத் தெருவில் கோப்பி வறுப்பது செத்த வீட்டுக்குத்தானாம்; மற்ற நாளெல்லாம் தேத்தண்ணி. இரவெல்லாம் கடலில் மீன்பிடித்துவிட்டு வந்த ஸ்டெல்லா அக்காவின் புருஷன், உள்ளே முகம்வரை போர்த்திக்கொண்டு கிடக்கிறார். வந்தவர்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து "ஐயோ!" என்று குரலெடுக்கிறாள்.

போர்வை எழுந்து உட்காருகிறது. "யாரு செத்தது?"

"நீங்கதான்!" கிணற்றடியிலிருந்து ஓடிவந்த ஸ்டெல்லா அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறுகிறது.

கொண்டுவந்த கதிரைகளிலேயே எல்லோரும் விழுந்து சிரிக்கிறார்கள். கொட்டையை இடித்துக் கோப்பி ஊற்றுகிறேன். முதல் கோப்பை செத்தவருக்கு. ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்.

"உண்மையா நான் போற அன்றைக்கு, சீனி கொஞ்சம் கூடப் போடுங்க."