மடற்குழுவுக்கு வந்த வேலை

செங்கல்பட்டில் ஒரு டி.டி.பி. கடையில் பல வருடம் தட்டச்சு செய்தேன். படிப்பு பத்தாவது. இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு கடைக்காரர் கணினிகளில், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் போட்டார். சந்தேகம் கேட்க என்னை ஒரு மடற்குழுவில் சேர்த்துவிட்டார். ஒருவர் எழுதும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போகும். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நான் எதுவும் எழுதியதில்லை. மென்பொருளின் மெனுக்களுக்குத் தமிழ்ச் சொற்களைத் தட்டித் தருவேன், காசு வாங்காமல் சும்மாதான். மாதத்தில் ஒரு ஞாயிறு குழுவினர் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடும்போது கடைசி பெஞ்சில் இருப்பேன்.

கடையை மூடப்போவதாக முதலாளி சொன்ன வாரம், சிறுசேரியில் வேலை பார்த்த ஒரு தம்பி, தங்கள் அலுவலகத்துக்குத் தமிழ் தட்டச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று குழுவில் எழுதினார். உடனே சண்டை. குழு சொல்லிக்கொடுக்கத்தான், ஆள் பிடிக்க இல்லை, இன்று ஒன்றை விட்டால் நாளை விளம்பரத்தில் கேள்விகள் காணாமல் போகும் என்றார் கல்பாக்கத்துக்காரர் ஒருவர். மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்திலிருந்து வந்து பாலிடெக்னிக் முடித்திருந்த இன்னொருவர் விடவில்லை.

"மாசம் பொறந்தா உனுக்கு சம்பளம் வருது நைனா. வேலை இல்லாதவன் எங்க போய் கேப்பான்?"

இப்படியே நான்கு நாள் மடல் மேல் மடல். எனக்கோ அந்த வேலை வேண்டியிருந்தது. கடைசியில் சிறுசேரித் தம்பிக்கு மட்டும் ஒரு கடிதம் தட்டினேன். படிப்பைச் சொல்லி, கடை மூடுவதைச் சொல்லி, 'இது குழுவில் யாருக்கும் தெரிய வேண்டாம்' என்று முடித்தேன். யோசிக்காமல் அவர் மடலிலேயே பதில் பொத்தானை அழுத்தினேன். எங்கள் குழுவில் அதை அழுத்தினால் எல்லோருக்கும் போகும். ஒருவருக்குக் கிடைக்கும் பதில் மற்றவருக்கும் பயன்படட்டும் என்று நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அனுப்பிய மடலைத் திரும்ப எடுக்க முடியாது. அதற்குப் பிறகு சண்டை மடல் ஒன்றுகூட வரவில்லை. சிறுசேரித் தம்பி மட்டும் தனியாக எழுதினார்: டிகிரி இல்லாமல் எடுக்கமாட்டார்களாம், மன்னிக்கச் சொன்னார்.

அந்த ஞாயிறு கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போகாவிட்டால் அதையும் பேசுவார்கள் என்று போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குப்பத்துக்காரர், "டீ எடுத்துக்கக்கா" என்று டம்ளரை நீட்டினார். அவ்வளவுதான்.

கல்பாக்கத்துக்காரர் எழுந்தார். கரும்பலகையைப் பார்த்தே பேசினார்.

"வேலை மடல் வரட்டுங்க. தலைப்புல வேலைன்னு போட்டுடணும். பதில் மட்டும் போட்டவருக்கே தனியா போற மாதிரி பண்ணிடலாம். கேக்கறவங்களுக்குக் கூச்சம் இருக்கும்ல."

"இத்தத்தானே நானு மொதல்லேந்து சொல்லிகினு கீறேன்," என்றார் குப்பத்துக்காரர்.

"நீங்க எங்கங்க சொன்னீங்க, திட்டினீங்க," என்றார் கல்பாக்கத்துக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

மறுவாரம் புது ஏற்பாட்டில் முதல் வேலை மடல் வந்தது. போட்டவர் கல்பாக்கத்துக்காரர்தான். கூடுவாஞ்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகம். தமிழ் தட்டச்சு வந்தால் போதும், படிப்பு எதுவானாலும் சரி.

விண்ணப்பித்தேன். வரச்சொன்னார்கள். அச்சகக்காரர் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கள்கிழமை சேர்ந்துகொள்ளச் சொன்னார். பிறகு, அவ்வளவு பேர் இருக்கிற குழு, வேலை தேடுகிறவர்களும் நிறைய என்றார்களே, உங்கள் விண்ணப்பம் ஒன்றுதானே வந்தது என்று ஆச்சரியப்பட்டார். எனக்குத் தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.