மாமாவுக்கு ஒரு விளக்கு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போய் யூதக் கோயில் ஒன்றைத் துப்புரவு செய்வோம். துப்புரவு செய்தது அம்மாதான். அவருக்கு ஆங்கிலம் வராது, நான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியால் எனக்கு வந்திருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் செங்கல்லால் கட்டிய சின்னக் கட்டடம் அது. வெளியே நின்று பார்த்தால் பழைய பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே போய் அண்ணாந்தால் கூரை முழுக்க நீல வானம், பொன் நட்சத்திரங்கள். நடுவில் மரமேடை, மேலே பெண்கள் இருந்து கும்பிட ஒரு மாடம். போலந்திலிருந்து வந்த தையற்காரரும் பழைய இரும்பு வியாபாரிகளும் சேர்ந்து கட்டியதாம். அவர்களுடைய பிள்ளைகள் படித்து ரொறன்ரோவுக்குப் போய்விட, கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேர்கூட இப்போது சேருவதில்லையாம். சாவி வைத்திருந்த கிழவர் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்.

பின்சுவரில் ஒரு வெண்கலப் பலகை இருந்தது. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்ப். அந்தந்த ஆள் இறந்த நாள் வரும்போது கிழவர் பல்பை முறுக்கி எரியவைப்பார். நினைத்துக்கொள்வதற்காக என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்பப்பா, அப்பம்மா படங்களுக்கு இரவு பகலாகச் சிவப்பு பல்ப் எரிந்தது. மாமாவின் படத்துக்கு மட்டும் பல்பும் இல்லை, மாலையும் இல்லை. மாமா, வன்னியில் கடைசிச் சண்டையோடு காணாமல்போன அம்மாவின் தம்பி. பாவம், அவரை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று அம்மாவில் எனக்குச் சரியான கோபம்.

ஒரு ஞாயிறு, அம்மா மாடத்தில் வக்யூம் பிடித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் பெயரைக் கடதாசியில் எழுதி, பலகையில் பெயரில்லாத ஓரிடத்தில் ஒட்டி, பக்கத்து பல்பை முறுக்கினேன். எரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கடதாசியைக் கிழியாமல் உரித்தெடுத்தார். சூடேறிய பல்பை வெறுங்கையால் முறுக்கி அணைத்தார்.

"அவன் எங்கையோ இருக்கிறான் பிள்ளை," என்றார். பிறகு அங்கிருந்த மரவாங்கில் அமர்ந்து அழத் தொடங்கினார்.

கிழவர் ஓடி வந்தார். நடந்ததை நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமா எப்போது இறந்தார் என்று அவர் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்று அம்மா தலையை மட்டும் ஆட்டினார். கிழவர் அம்மாவுக்கு எதிரே இருந்துகொண்டு மெதுவாகப் பேசினார். தன் தாயின் சகோதரர்களும் போரில் அப்படித்தான் போனார்களாம். இறந்த நாள் தெரியாவிட்டால் வீட்டுக்காரரே ஒரு நாளைத் தெரிவுசெய்து விளக்கேற்றுவது தங்கள் வழக்கம் என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி.

"அம்மா, பிரச்சினை இல்லையாம். மாமாவுக்கு நீங்களே ஒரு டேற் சூஸ் பண்ணலாமாம்."

அம்மா உரித்தெடுத்த கடதாசியை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். சரி, நானே உதவி செய்யலாம் என்று நினைத்தேன்.

"சமர் ஹொலிடேல வைப்பமே? எனக்கும் ஸ்கூல் இல்லை."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நாளைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று நான் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.